ஒழுகாத கூரை

என் அண்ணன் ஊரிலுள்ள பாதி வீடுகளுக்குக் கூரை போட்டவன். மீதிப் பாதி வீடுகளின் கூரையைப் பார்த்துக் குறை சொன்னவன். அவனோடு தெருவில் நடந்து போவதே ஒரு தண்டனை. நாம் கடைகளைப் பார்ப்போம், எதிரே வருகிற மனிதர்களைப் பார்ப்போம். அவன் அண்ணாந்துகொண்டே வருவான். "அந்த முகட்டைப் பாரு, எவனோ தூக்கக் கலக்கத்துல மூடியிருக்கான்" என்பான். வேலையிடத்தில் அவனுக்குப் பூனை என்று பெயர். சரிவில் நடந்தால் சத்தம் வராது, விழ மாட்டான், கூப்பிட்டால் இறங்கவும் மாட்டான்.

அந்தக் கடைசிக் குணம்தான் அவன் குடித்தனத்தைக் கெடுத்தது. ஒரு வரிசை ஓடு போட ஆரம்பித்தால் முடிக்காமல் ஏணியில் கால் வைக்கவே மாட்டான். அண்ணி பள்ளிக்கூட விழாவுக்குப் புறப்பட்டுக் கதவருகே நின்றுகொண்டிருப்பாள். இவன் எங்கோ யார் வீட்டுத் தலைமேலோ உட்கார்ந்திருப்பான். குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை. "நல்லவர்தான். ஆனா வீட்ல இல்லையே" என்று அண்ணி ஒருநாள் என்னிடம் சொன்னாள். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லாமல் பிரிந்தார்கள். அண்ணன் ஒரு பெட்டியோடு என் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். சட்டப்படி அவள் இப்போது எனக்கு யாரோ. என் வாய்க்கு இன்னும் அண்ணிதான்.

அவர்கள் மகளுக்கு மிளகு என்று செல்லப்பெயர் வைத்தவள் நான். பிறந்தபோது அவ்வளவு சிறியவள், அவ்வளவு காரம். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால் பெயர் வைக்கிற உரிமையையாவது எடுத்துக்கொண்டேன்.

பெட்டியோடு கூட ஒரு பொம்மை வீடும் என் வீட்டுக்கு வந்தது. அண்ணி போன இடம் சின்னது, அதை வைக்க வசதியில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரிடமிருந்தோ அண்ணி மகளுக்காக வாங்கியது அது. இரண்டு மாடி. முன்பக்கம் திறந்தே இருக்கும். கீழே அடுப்படியும் கூடமும், மேலே இரண்டு படுக்கையறைகள், கைக்குட்டை கிழித்துப் போட்ட திரைகள். அதற்கும் மேலே முக்கோணமாக ஓர் அறை. அதன் முன்பக்கத்தைப் பலகை வைத்து அடைத்து, வட்டமாக ஒரு ஜன்னலை வரைந்திருந்தார்கள். கூரை மட்டும் வெறும் பலகை. ஊருக்கெல்லாம் கூரை போடுகிறவன் மகள் வீடு மொட்டையாக நின்றது. மிளகு கேட்காத நாள் கிடையாது. மழைக்காலத்தில் கேட்டால் ஒழுகுகிற வீடுகள் வரிசையில் நிற்கும். வெயில் காலத்தில் கேட்டால் புது வீடுகள். "அடுத்த மாசம்டா கண்ணு" என்பான். எந்த மாதத்துக்கு அடுத்த மாதம் என்று அவள் கேட்க மாட்டாள், பாவம்.

அண்ணிக்குத் தொலைவில், வேறொரு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்று ஃபோன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில். போகிற வழியில் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்துவதாகச் சொன்னாள். பிறகு மிளகு ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, என் வீட்டுக்குக் கூரை போட்டுட்டியா? போட்டிருந்தா எடுத்துட்டுப் போகலாம்னு அம்மா சொன்னாங்க. மொட்டையா இருந்தா வேண்டாம், அங்க எல்லாரும் சிரிப்பாங்க."

"நீ வா. கூரையோட நிக்கும்" என்றான் அண்ணன்.

ஃபோனை வைத்தான். "அங்க அவ ரூம்ல நான் செஞ்சது ஒண்ணாவது இருக்கணும்ல" என்றான். என்னிடம் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா தெரியவில்லை. கல்லுளிமங்கன் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. என் நினைவில் அவன் உடம்பு சரியாக இருக்கும்போது வேலைக்குப் போகாத முதல் வாரம் அது.

சாப்பாட்டு மேசை பட்டறை ஆயிற்று. பொம்மை வீட்டைத் தூக்கி வைத்ததும் முதலில் அண்ணாந்து, அல்ல, குனிந்து பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"எவனோ அரைகுறை தச்சன் பார்த்த வேலை. முகட்டுல பாரு, எவ்வளவு இடைவெளி. மழை பேஞ்சா நேரா உள்ளதான் இறங்கும்."

"பொம்மை வீட்டுக்கு எங்கண்ணா மழை பெய்யப்போகுது?"

"கூரைன்னா கூரைதான். சின்னதுன்னா ஒழுகலாமா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். முன்சரிவு லேசாக ஆடியது. ஆடுகிற கூரையை என் அண்ணன் விடுவானா? மேலும் கீழுமாகச் சின்ன ஆணிகளை அடித்து அசையாமல் செய்தான். சரிவின் கீழ்விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு தோல் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது; ஓடு சமமாக உட்காராது என்று அதைப் பிய்த்து எறிந்தான். முகட்டு இடைவெளியை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தான். வீட்டைச் சாய்த்தபோது உள்ளே ஏதோ உருண்டது. "பழைய ஆணியா இருக்கும்" என்றான். நானும் ஆமாம் என்றேன்.

மெல்லிய பலகையைக் கத்தியால் பிளந்து நக அளவு மர ஓடுகளாக நறுக்கினான். சாயம் என் வேலை. முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டி, நரைக்குச் சாயம் பூசிப் பிழைக்கிறவள் நான். ஓட்டுக்குப் பூச மாட்டேனா? தலைச்சாயம் கலக்கும் கிண்ணத்திலேயே மரச்சாயத்தைக் கலந்து ஓடுகளைத் தோய்த்து எடுத்தேன். தலைக்குச் சாயம் பூச வந்த ஒரு வாடிக்கைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கலர் தனக்கும் வேண்டும் என்றாள். அது செங்கல் நிறம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"மிளகுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்று அண்ணன் திடீரென்று கேட்டான், பாதி ஓடு காய்ந்த பிறகு.

"இப்பவாவது கேட்டியே. செங்கல் கலர்தான், பயப்படாதே" என்றேன். அவன் முகம் தெளிந்தது. உண்மையில் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கும் நிச்சயமாகத் தெரியாது.

முதல் தடவை வெள்ளைப் பசையில் ஒட்டினான். காலையில் எழுந்து பார்த்தால் ஓடெல்லாம் ஈரத்தில் வளைந்து, வெட்டாமல் விட்ட கால் நகம் போலச் சுருண்டு நின்றது. நானாக இருந்தால் மொத்தத்தையும் சுரண்டிக் குப்பையில் போட்டிருப்பேன். அவன் மெல்லிய தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு முகட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"கீழ் வரிசையோட தலை மேல் வரிசைக்கு அடியில இருக்கு. மேல இருந்துதான் பிரிக்கணும். இழுத்தா உடைஞ்சுடும்" என்றான். முழு நாள் போயிற்று. ஓர் ஓடு உடையவில்லை என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

இரண்டாம் தடவைக்குச் செருப்புத் தைக்கிறவர்கள் பூசுகிற பசை. அதில் தண்ணீர் கிடையாது, மரம் வளையாது. நாற்றம் மட்டும் தெரு முனை வரை போகும். கூரையின் கீழ்விளிம்பில் ஆரம்பித்து, முதல் வரிசையை மட்டும் இரட்டையாக வைத்து, மேலே மேலே ஏறினான். இரண்டு ஓடு சேருகிற இடத்துக்கு நேர் மேலே இன்னொரு சேர்க்கை வரக் கூடாதாம். வந்தால் தண்ணீருக்கு வழி காட்டியது போல. அவன் விரல்கள் ஏணிக் கம்பு மாதிரி தடிமன். அதனால் புருவம் பிடுங்குகிற என் இடுக்கியைப் பறித்துக்கொண்டான். அந்த வாரம் என்னிடம் வந்த பெண்களெல்லாம் அடர்ந்த புருவத்தோடுதான் போனார்கள். வேலை செய்துகொண்டே பேசினான், அதுதான் அதிசயம். மிளகு முதல் தடவை நடந்ததைப் பற்றிச் சொன்னான். "நான் பார்க்கல, உன் அண்ணிதான் சொன்னா" என்று நடுவில் திருத்திக்கொண்டான். கிண்டல் செய்ய வாயெடுத்தவள், அடுத்த ஓடு ஒன்றை எடுத்து நீட்டினேன்.

கடைசியாக முகட்டுக்குத் தகரத்தில் ஒரு மூடி வெட்டிக் கவிழ்த்தான். ஞாயிறு காலை, படுக்கையறைகளுக்குள் காகிதத்தை விரித்து வைத்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து மெல்ல முகட்டில் ஊற்றினான். தண்ணீர் வரிசை வரிசையாக இறங்கி மேசையில் கொட்டியது. காகிதத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். காய்ந்தே இருந்தது. சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்து எத்தனையோ காலம். நானும் கை தட்டினேன். முட்டாள்கள் இரண்டு பேரும் மேசையைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம்.

சாயங்காலம் வாடகைக் கார் வந்து நின்றது. அண்ணி உள்ளே வந்தாள், உட்காரவில்லை. "நேரமாயிடுச்சு, நீ காபி ஒண்ணும் போடாதேம்மா" என்றாள் என்னிடம், நான் அடுப்பைப் பார்த்ததைக் கவனித்துவிட்டு. அண்ணனைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்றாள். அவன் தலையாட்டினான். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. கல்யாணமான புதிதிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் பேசினார்கள் என்று நினைக்கிறேன்.

மிளகு வளர்ந்திருந்தாள். என்னை ஒரு தடவை கட்டிக்கொண்டு நேரே மேசைக்கு ஓடினாள்.

"அப்பா! நிஜ வீடு மாதிரியே இருக்கு!"

ஓடுகளின் மேல் விரலை ஓட்டினாள். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசையைப் பார்த்தாள், அப்படியே அவள் அப்பனை உரித்து வைத்த மாதிரி. "ஒண்ணு கூட கோணல் இல்லப்பா. தேங்க்ஸ்ப்பா" என்றாள். பெற்ற அப்பனுக்கு என்னடி தேங்க்ஸ் என்று கேட்க வந்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. அப்படி ஒரு முகத்தை யாரும் கலைக்க மாட்டார்கள்.

பிறகு அவள் கை தானாகக் கூரையின் கீழ்விளிம்புக்குப் போயிற்று. பார்க்காமலே தடவியது, தன் வீட்டில் விளக்கு சுவிட்சைத் தேடுகிற கை போல. அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. குனிந்து பார்த்தாள். நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.

"இது எப்படிப்பா திறக்கும்?"

"எது?"

"கூரை."

"கூரை எதுக்கும்மா திறக்கணும்?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"மேல் ரூமுக்கு அதுதானே வழி? அவங்க எல்லாம் அங்கதான் தூங்கறாங்க. அப்பா, அம்மா, பாப்பா. நாம வீடு மாறின அன்னிக்குப் படுக்க வெச்சேன். நான் திரும்பி வந்து எழுப்பறேன்னு சொல்லியிருக்கேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். முன்சரிவு ஆடியது பழுது இல்லை, உள்ளே கீல் இருந்திருக்கிறது. இடைவெளி தச்சன் தப்பு இல்லை, திறந்து மூட விட்ட இடம். தோல் துண்டு பிடித்துத் தூக்குவதற்கு. உள்ளே உருண்டது ஆணி இல்லை, அந்தப் பொம்மைகள். தினமும் விளையாடிய பிள்ளைக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தாய்க்குத் தெரியும். இவன் தன் மகள் விளையாடி ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. கூரை என்றால் எது உள்ளே வரக் கூடாது என்று மட்டுமே யோசிக்கத் தெரிந்தவன், ஒரு குழந்தையின் கை உள்ளே போக வேண்டும் என்பதை எங்கே யோசிப்பான்?

"உங்களுக்குத் தெரியாதா? அது பெட்டி மூடி மாதிரி திறக்குமே" என்றாள் அண்ணி. குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நான் நாலு வார்த்தை பதில் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

"பரவாயில்லப்பா" என்றாள் மிளகு. ஆனால் கையைக் கூரையிலிருந்து எடுக்கவில்லை. "அவங்க வெளிய வர முடியாதா இனிமே?"

"ஏன் முடியாது? ரெண்டே நிமிஷம். அப்பா திறந்து தரேன், அப்படியே எடுத்துட்டுப் போ" என்றான் அண்ணன். மெல்லிய தகடு கையில் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகட்டு மூடியின் ஓரத்தில் தகட்டைச் செருகினான்.

மூடி நல்லபடியாகக் கழன்றது. அடுத்து மேல் வரிசை. முதல் ஓட்டின் அடியில் தகடு போயிற்று, மெல்ல அசைந்தது, ஓடு முழுசாகக் கையில் வந்தது. அதை மேசையில் வைத்தான். அடுத்தது. அதற்குப் பக்கத்தில் வைத்தான், கழற்றிய வரிசை மாறாமல். செருப்புப் பசை அவ்வளவு சுலபத்தில் விடுமா? ஆணிகளில் பாதி கீழ்விளிம்பில், எல்லா வரிசைக்கும் அடியில். எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணா, இதெல்லாம் கழட்டி முடிக்க ராத்திரி ஆயிடும். ஓங்கி ஒரு நெம்பு நெம்பு, வந்துடும்."

"உடைஞ்சா அவ எதை எடுத்துட்டுப் போவா?"

"ஆபத்துக்குப் பாவமில்ல. உடை!"

"பதறாத காரியம் சிதறாது. நீ கொஞ்சம் சும்மா இரு."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். மிளகு அப்பா பக்கத்தில் நின்று முதலில் ஆர்வமாகத்தான் பார்த்தாள். கழன்ற ஓடுகளை எடுத்து அடுக்கிக் கொடுத்தாள். பிறகு கை சும்மா ஆயிற்று. பிறகு அம்மாவைப் பார்த்தாள். அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் நின்றாள். அவளுக்கு இப்படி நின்று பழக்கம். நான் அலமாரியிலிருந்து பெரிய திருப்புளியை எடுத்து வந்து அவன் கையில் திணித்தேன். என் கையைத் தள்ளிவிட்டான். "மனுஷனா நீ? நிமிர்ந்து பாருண்ணா, பிள்ளை நிக்குது!" என்று கத்தினேன். அவன் காதில் விழவில்லை. அவன் அந்த அறையிலேயே இல்லை. கூரைமேல் ஏறிவிட்டான்.

நான் அந்தத் திருப்புளியை நானே செருகி நெம்பியிருக்க வேண்டும். உடைந்தாலும் உடைந்து போகட்டும் என்று நினைக்க என் கைக்கும் துணிவு வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று பார்த்தவள் நான்.

ஹாரன் மறுபடி அடித்தது.

"மிளகு, போகணும்மா" என்றாள் அண்ணி.

மிளகு தலையாட்டினாள். அழவில்லை, கோபிக்கவில்லை. அப்பாவின் தோளில் கை வைத்தாள்.

"அப்பா, நாங்க கிளம்பறோம். நீ முடிச்சிட்டு வா."

எத்தனை விழாவுக்கு, எத்தனை பிறந்தநாளுக்கு அந்த வீட்டில் சொல்லியிருப்பார்களோ, அப்படியே சொன்னாள். பழக்கத்தில் வந்த வார்த்தை. தகடு ஓர் ஓட்டின் அடியில் பாதியில் இருந்தது. அவன் தலை நிமிரவில்லை.

"ம். இந்த வரிசை மட்டும்தான்மா. வந்துடறேன்."

அண்ணி என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். நான் வாசல் வரை போனேன். மிளகு காரின் பின்கண்ணாடி வழியே கை அசைத்தாள், நானும் அசைத்தேன். கார் திரும்பும்வரை நின்றேன். உள்ளே வந்தபோது அவன் வரிசையின் கடைசி ஓட்டைக் கழற்றி, உடையாமல், மற்றவற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

"இங்க பாரு மிளகு, இன்னும் கொஞ்சம்தான்" என்று நிமிர்ந்தான்.

அறையில் நான் மட்டும் இருந்தேன். அவன் என் பின்னால் பார்த்தான், வாசலைப் பார்த்தான். தகட்டைக் கீழே வைத்தான். அவனைத் திட்டுவதற்கு நான் வாசலிலிருந்தே வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஆயுசுக்கும் அவனைத் திட்டியே பழகியவளுக்கு அவன்மேல் அவ்வளவு பரிதாபம் வந்தது.

"போயிட்டாங்களா?"

"ஆமாண்ணா."

கழற்றிய ஓடு ஒன்றை எடுத்து, மறுபடி அதன் இடத்திலேயே வைத்தான்.

"வந்துடறேன்னு சொல்லிட்டேன்" என்றான். "எங்கன்னு கேக்கவே இல்லையே."